நீர்க்கரையில் வீடு மாறுதல்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அரசாங்க உத்தியோகத்தில் பல ஆண்டுகளைக் கழித்தவர்கள் இவ்விரண்டோடு, ‘வீடு மாறிப்பார்’ என்னும் மூன்றாவது வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்வர். வீடு கட்டுவதும் மணம் முடிப்பதும் நாம் நாள் பார்த்துத் தொடங்கும் காரியங்கள். வீடு மாறுவதோ பெரும்பாலும் ஒரு கடிதத்தின் வடிவில் நம்மேல் வந்து விழுவது. ஆசிரியர்களின் வருடாந்த இடமாற்றங்கள் வழமையாக ஜனவரி மாதத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வருவன. திருகோணமலை மாவட்டத்தில் அக்காலம் வாடைக்காற்றும் மழையும் மிகுந்த காலம். ஆதலால் நம் பகுதியில் ஆசிரியர் மூட்டை கட்டும் நாளும் வானம் மூட்டம் கட்டும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நீர்க்கரையில் வாழ்வோர் வீடு மாறும்போது சாமான் ஏற்றி இறக்குவோரை எவ்வாறு அமர்த்துவது என்பதாகும். இது வானொலியில் பேசத்தக்க பொருளா என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். கூலிப் பேச்சு கூலிப் பேச்சாகவே முடிந்துவிடுமானால் நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். ஆனால் நீரைக் கடக்கவேண்டிய ஊர்களிலே அந்தப் பேச்சு உயிர்ப் பேச்சாக மாறிவிடுகிறது. அதனாலேயே பேசத் துணிந்தேன்.

முதலில் இடத்தின் அமைப்பைப் பார்ப்போம். திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. மகாவலி கங்கை அதிலே வந்து கலக்கிறது. மேற்கே தம்பலகாமக் குடா உள்ளது. இவ்விரு நீர்ப்பரப்புகளும் ஒன்றையொன்று சந்திக்கும் வாயிலின் தென்கரையில் கிண்ணியா அமைந்திருக்கிறது. கிண்ணியாவிலிருந்து களப்பின் ஒரு கிளையைக் கடந்தால் குறிஞ்சாக்கேணி. ஒரு கரையில் நின்றால் மறுகரையின் வீடுகள் கண்ணுக்குத் தெரியும். கூப்பிடு தூரம் என்று சொல்லிவிடலாம். அந்தக் கூப்பிடு தூரத்தில்தான் எல்லாத் தொல்லையும் இருக்கிறது. தூரம் சிறிதாகத் தோன்றும்போது மனிதன் எச்சரிக்கையைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போகிறான்.

நெடுங்காலம் திருகோணமலையிலிருந்து தெற்கே செல்வோர் துறைதோறும் மிதவையை எதிர்பார்த்து நின்றவர்களே. 2009 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. அதற்கு முந்திய காலத்திலே, 2003 ஆம் ஆண்டு ஜனவரியில், இடமாற்றம் பெற்று என் குடும்பச் சாமான்களோடு கிண்ணியாத் துறையைக் கடந்தேன். நான் அமர்த்திய லொறிக்காரர் இரண்டு நடை வேண்டுமென்றார். நான் ஒரு நடையே போதுமென்று வாதாடி வென்றேன். வென்றதன் பயனாக அலுமாரியின்மேல் மேசை, மேசையின்மேல் கட்டிற் சட்டம், அதன்மேல் படங்கு, படங்கின்மேல் கயிற்றைப் பிடித்தபடி இரண்டு இளைஞர்கள், முன்னாசனத்தில் மனைவியும் குழந்தையும் என்று லொறி கோபுரம்போலத் துறையடிக்கு வந்து சேர்ந்தது.

மிதவையில் வேலைசெய்த முதியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி மறித்தார். “சேர், மேலே இருக்கிற ஆக்களை இறக்குங்க. தங்கச்சியையும் பிள்ளையையும் இறக்குங்க. லொறி தனியே ஏறட்டும்” என்றார். “காக்கா, இது சின்னத் தூரந்தானே” என்றேன் நான். “தூரம் சின்னந்தான் சேர். ஆழம் சின்னமில்லையே” என்றார் அவர். மழை தூறிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு இறங்கி நின்றபோது எனக்குச் சற்றுச் சினமும் வந்தது. அவர் கூறியது முழுவதும் சரியென்பதைப் பின்னரே உணர்ந்தேன். வாகனத்தின் உள்ளே இருப்பவருக்கு, அது கவிழுமானால், கதவைத் திறந்து வெளியேற அவகாசம் கிடைப்பதில்லை. உயரத்தில் இருப்பவரோ வாகனத்தின் பாரத்தை மேலே தூக்கி அதைக் கவிழச் செய்யும் கருவியாகவே ஆகிவிடுகிறார்.

அந்த முதியவரை 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மிகுந்த வேதனையோடு நினைத்துக்கொண்டேன். குறிஞ்சாக்கேணியில் பால வேலை நடந்துகொண்டிருந்தமையால் மக்கள் மிதவையிலேயே களப்பைக் கடந்து வந்தனர். அன்று காலை, பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளோடும் பிறரோடும் சென்ற மிதவை கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே பிரிந்தன. மேலும் பலர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர். புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்ட குழந்தைகள் அவர்கள். பாடசாலை அதிபர் ஒருவருக்கு அச்செய்தி எப்படியிருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்று சென்றவர்கள் வீடு மாறச் சென்றவர்கள் அல்லர். ஆயினும் நீருக்கு அந்த வேறுபாடு தெரியாது. அது எடையை மட்டுமே அறியும்.

எடையை நீர் எவ்வாறு அறிகிறது என்பதைச் சிறு கணக்கால் விளக்கலாம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீசு கண்ட விதி. 6 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் கொண்ட தட்டையான மிதவையொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 18 சதுர மீற்றர். அது 1 சென்ரிமீற்றர் அமிழ்வதற்கு ஏறத்தாழ 180 கிலோகிராம் பாரம் போதும். நடுத்தரக் குடும்பமொன்றின் சாமான்கள் 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். அவற்றோடு ஆட்கள் பத்துப்பேர் ஏறினால் மேலும் 600 கிலோகிராம் சேரும். மிதவை ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் அமிழும். இது சிறு அளவுதானே என்று தோன்றும். ஆனால் நீர் மிதவையை மட்டமாகவே வைத்திருப்பதில்லை. காற்றடித்தோ, ஆட்கள் ஒரு பக்கம் ஒதுங்கியோ அது 5 பாகை சாய்ந்தால், சாய்ந்த பக்கத்து விளிம்பு மட்டும் மேலும் 13 சென்ரிமீற்றர் தாழ்கிறது. இரண்டையும் கூட்டினால் 22 சென்ரிமீற்றர். பாரம் ஏற்றாதபோது விளிம்பு நீருக்குமேல் 20 சென்ரிமீற்றர் மட்டுமே இருந்திருந்தால், இப்போது அது நீருக்குக் கீழே போய்விட்டது. விளிம்பைத் தாண்டி நீர் ஏறத் தொடங்கியபின் எந்த மாலுமியின் திறமையும் பயன்படுவதில்லை.

இதனாலேதான் 19 ஆம் நூற்றாண்டில் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினராகிய சாமுவேல் பிளிம்சொல் என்பார், கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு ஒன்று வரையப்பட வேண்டுமென்று போராடினார். 1876 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கோட்டைக் கட்டாயமாக்கியது. பெருங்கடலிற் செல்லும் கப்பலுக்குரிய நியாயம் களப்பைக் கடக்கும் மிதவைக்கும் உரியதே. சிறு தோணியாயினும், பாரம் ஏறியபின் விளிம்பு நீருக்குமேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதற்குக் கல்வி வேண்டியதில்லை. கண் இருந்தாற் போதும்.

இனி, ஆட்களை அமர்த்தும் முறைக்கு வருவோம். பொதுவாகக் கூலி மூன்று விதமாகப் பேசப்படுகிறது: நடைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு, அல்லது வேலை முழுவதற்கும் சேர்த்து இவ்வளவு. இம்மூன்றும் வெறும் கணக்கு முறைகள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் மனிதரின் மனத்தை ஒவ்வொரு பக்கம் சாய்க்கிறது. நடைக்கூலி பேசினால், நடைகளைக் குறைக்கவேண்டுமென்ற ஆசை வீட்டுக்காரருக்கு வருகிறது. நான் செய்த பிழை அதுவே. முழுக்கூலி பேசினால், அதே ஆசை வேலைக்கு வந்தவருக்கு வருகிறது. இரண்டிலும் முடிவு ஒன்றுதான், பாரம் மிஞ்சுகிறது. நாட்கூலியிலோ அவசரம் குறைவு, செலவு சற்று அதிகம். ஆகவே நீரைக் கடக்கும் வேலையில், எந்த முறையில் பேசினாலும், எத்தனை நடை என்பதையும் ஒவ்வொரு நடையிலும் என்னென்ன ஏறும் என்பதையும் முன்னரே எழுதிக்கொள்வது நலம். ஆட்களுக்கென்று தனியாக ஒரு நடை அதிலே குறிக்கப்பட வேண்டும். சாமான் ஏறிய தோணியில், அதைச் செலுத்துவோரும் கவனிப்போரும் தவிரப் பிறர் ஏறலாகாது என்பதை ஓர் உடன்பாடாகவே செய்துகொள்ளலாம்.

அடுத்ததாக, வேலைக்காரரின் தலைவர் இரண்டு வீடுகளையும் நேரிற் பார்த்தபின்பே கூலி பேசவேண்டும். கரையோரக் குடியிருப்புகளில் ஒழுங்கைகள் ஒடுங்கியவை, நிலம் மணற்பாங்கானது. பாரமேற்றிய லொறி மணலிற் புதைந்துவிடும் என்று சாரதி பெருந்தெருவிலேயே நிறுத்திவிடுவார். அங்கிருந்து வளவுவரை தலைச்சுமையாகவோ உழவு இயந்திரத்தின் பெட்டியிலோ கொண்டுபோக வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாத வீட்டுக்காரர், சாமான் முழுவதும் வண்டியில் இருக்கும் வேளையிலே, நடுத்தெருவில் புதிய கூலி பேச நேரிடும். அப்போது இரு பகுதியாரும் தம்மை ஏமாற்றப்பட்டவர்களாக எண்ணுகின்றனர். பெரும்பாலான பிணக்குகளுக்குக் காரணம் வஞ்சகமன்று, சொல்லாமல் விட்டதே.

மழைக்கும் ஒரு விதி வேண்டும். குறித்த நாளில் பெருமழையோ பலத்த காற்றோ இருப்பின் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைப்பது என்றும், அன்று வந்துபோன கூலியாட்களுக்கு அரைநாட் கூலி கொடுப்பது என்றும் பேசிக்கொள்ளலாம். அந்த அரைநாட் கூலி வீண்செலவன்று. கூலி கிடைக்காது என்று அஞ்சும் தோணிக்காரர் காற்றோடு போட்டியிடப் பார்ப்பார். அது கிடைக்குமென்று அறிந்தவர் கரையில் அமர்ந்து தேநீர் அருந்துவார்.

சுமப்பவரின் உடலையும் நாம் நினைக்கவேண்டும். வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் தம் கையாலும் தோளாலும் வழமையாகத் தூக்கும் சுமை 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச தொழிலாளர் தாபனம் 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை. அதுவே மேல்வரம்பு. ஈர மணலிலும் வழுக்கும் துறைப் படியிலும் அதனினும் குறைவாகக் கொடுப்பதே அறம். ஆசிரியர் வீட்டுச் சாமானிற் கொடியது புத்தகமே. ஒவ்வொரு பக்கமும் 30 சென்ரிமீற்றர் கொண்ட பெட்டியிற் புத்தகத்தை நிறைத்தால் ஏறத்தாழ 20 கிலோகிராம் வந்துவிடும். அத்தகைய சிறு பெட்டிகளே போதும். பெரிய பெட்டியில் முழு நூலகத்தையும் அடைத்துவிட்டு, தூக்க முடியாதவரைச் சோம்பேறி என்று கூறுவது கற்றவருக்கு அழகன்று.

உப்புக் காற்று வீசும் ஊர்களில் சாமான்களைக் கழற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டிலின் திருகாணிகள் துருவேறி இறுகியிருக்கும். புறப்படும் நாளன்று அவற்றோடு மல்லுக்கட்டினால் கட்டிலின் கால் உடையும். மூன்று நான்கு நாள் முன்னதாகவே எண்ணெய் இட்டு வைத்தால் இலகுவாகக் கழலும். துகட்பலகையாற் செய்த அலுமாரிகள் ஈரத்தினால் அடிப்பாகம் ஊதியிருக்கும். அவற்றை முற்றாக வெறுமையாக்கி, அடியிற் கை கொடுத்தே தூக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியபடியே கொண்டுசெல்வதும், புதிய வீட்டிற் சில மணி நேரம் ஆறவைத்தபின் மின்னிணைப்புக் கொடுப்பதும் நல்லது. எரிவாயுச் சிலிண்டரின் வாயை இறுக மூடி, நிமிர்த்திக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும். பாரமானவை தோணியின் அடித்தளத்தில் நடுவே அமையவேண்டும். இலேசானவை அவற்றின்மேல் வரலாம். நம்மூர் அம்மியும் உரலும் கட்டிலின்மேல் ஏறிப் பயணம் செய்யத் தக்கவை அல்ல.

உடைந்தாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி. இதற்கு உலகம் மிகப் பழங்காலத்திலேயே விடை தேடியிருக்கிறது. கப்பலோட்டி, சத்திரக்காரர், குதிரை லாயக்காரர் ஆகியோர் தாம் ஏற்றுக்கொண்ட பொருளுக்குத் தாமே பொறுப்பாளர் என்று உரோமர் விதித்தனர். தடுக்கவியலாத பேரிடருக்கு மட்டும் விலக்களித்தனர். கி.பி. 533 இல் யசுத்தினியன் பேரரசன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இவ்விதி இடம்பெற்றுள்ளது. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையாயுள்ள உரோம-டச்சுச் சட்டம் அந்த மரபில் வந்ததே. ஆயினும் சட்டத்தை நாடுவதற்கு முன் சான்று வேண்டும். சாமான்களுக்கு இலக்கமிட்டு, பட்டியலை இரண்டு படிகள் எழுதி, இரு பகுதியாரும் ஒப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் சான்று கையில் இருக்கும். பணம் பெற்றுச் செய்யும் சேவையில் குறை நேர்ந்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். அதனை மூன்று மாதங்களுக்குள் செய்யவேண்டும். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவதில் நாணம் வேண்டியதில்லை. கேட்கும் முறையில் மரியாதை இருந்தாற் போதும்.

பட்டியலிற் சேராத சில பொருள்கள் உண்டு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவுகள், அன்றாடம் உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை எந்த லொறியிலும் ஏற்றலாகாது. நீர் புகாத உறையிலிட்டுக் குடும்பத் தலைவரோ தலைவியோ தம் கையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். நம் மாவட்டத்து மக்களுக்கு இதை நான் கற்பிக்க வேண்டுமா? 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கிண்ணியாவின் கரையோரக் குடியிருப்புகளும் வைத்தியசாலையும் பெருஞ்சேதமடைந்தன. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் மக்கள் போரினால் வீடுகளை விட்டுக் கந்தளாய், கிண்ணியா முதலிய இடங்களுக்கு ஓடிவந்தனர். அவர்களுக்கு லொறியும் இல்லை, பட்டியலும் இல்லை, கூலி பேச நேரமும் இல்லை. கையில் இருந்த பத்திரமே பின்னர் காணிக்கும் நிவாரணத்துக்கும் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கும் சான்றாயிற்று. அது இல்லாதவர்கள் கந்தோர் கந்தோராக அலைந்தனர். நாமாக நாள் குறித்து வீடு மாறுவது ஒரு பாக்கியம் என்பதை அந்த நினைவு உணர்த்துகிறது. பாக்கியத்தை அவசரத்தினாற் கெடுத்துக்கொள்ளலாகாது.

புதிய வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஏற்றி வந்தோர் முன்னிலையிலேயே பட்டியலைச் சரிபார்த்து, குறையிருந்தால் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னர் பேசிய கூலியைத் தயங்காமற் கொடுத்து, குடிக்கத் தேநீரும் கொடுத்து அனுப்புவது நம் பண்பாடு. அடுத்த சில நாட்களுள் கிராம உத்தியோகத்தரைக் கண்டு குடிபெயர்ந்ததைப் பதிவுசெய்ய வேண்டும். முதலாந் தரத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடச் சான்றே முதலில் கேட்கப்படுகிறது. அப்போது என் மேசைக்கு முன்னால் வந்து தவிக்கும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிறேன்.

இவ்வளவும் சொன்னபின் நேயர்கள் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் வைத்திருந்தாற் போதும். துறையடியிலே தோணி நிறைந்துவிட்டது, இன்னும் நான்கு பெட்டியும் மூன்று பிள்ளைகளும் கரையில் நிற்கின்றனர், வானம் கறுத்திருக்கிறது, “இதோடு ஏற்றிவிடலாமா?” என்று ஒருவர் கேட்கிறார். அந்த வேளையில் வீட்டுக்காரர் சொல்லவேண்டிய விடை, “வேண்டாம், இன்னொரு நடை வாருங்கள், கூலியை நான் தருகிறேன்” என்பதே. அந்த விடைக்கு ஆகும் செலவு ஒரு நடைக்கூலி. 2003 இல் அதை மிச்சம் பிடிக்க நான் வாதாடினேன். பெயர்கூடக் கேட்டறியாத ஒரு முதியவர் என் பிள்ளையை லொறியிலிருந்து இறக்கிவைத்தார். அந்தப் பிள்ளை இன்று வளர்ந்து ஆளாகிவிட்டது. அந்தக் கூலியை அவருக்கு நான் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை.